அடைக்கலப் பட்டணம்

அரசாங்கம் ஒரு உத்தரவு போடுது. அது தப்புன்னு மனசுக்குத் தெரியுது. அப்போ ஒரு விசுவாசி என்ன பண்ணணும்?

கேள்வி சுலபமாத் தெரியும். ஆனா கிறிஸ்தவர்களுக்கு இதுல ஒரு கூடுதல் சிக்கல் இருக்கு. ரோமருக்கு எழுதின நிருபத்தோட 13ஆம் அதிகாரத்தில், ஆளும் அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறார் பவுல். அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்திலோ, மனுஷரைவிடத் தேவனுக்குத்தான் கீழ்ப்படியணும் என்று பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். இரண்டும் ஒரே வேதாகமம். ஹிட்லர் காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பாலான சபைகள் முதல் வசனத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டன. பிரான்ஸின் ஒரு மலைக்கிராமம் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தது. அந்தக் கிராமத்தின் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஊர் பேர் லெ ஷாம்போன் சுர் லின்யோன். தெற்கு மத்திய பிரான்ஸில், கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு பீடபூமி. குளிர்காலத்தில் அங்கே 'பூர்ல்' என்று ஒரு வாடைக்காற்று அடிக்குமாம், பனியை அள்ளி வந்து வழியையே மூடிவிடுமாம். விவசாயம், மாடு, கொஞ்சம் மரவேலை. பிரான்ஸ் கத்தோலிக்க நாடு, புராட்டஸ்டண்டுகள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான். ஆனா இந்த பீடபூமியில் பல ஊர்களில் அவங்கதான் பெரும்பான்மை.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாங்க? அதுக்கு ஒரு முந்நூறு வருஷம் பின்னாடி போகணும். 1598இல் நாலாம் ஹென்றி ராஜா நாந்த் சாசனம் போட்டு புராட்டஸ்டண்டுகளுக்கு (ஹ்யூகனாட் என்று சொல்வார்கள்) வழிபாட்டு உரிமை கொடுத்தார். 1685இல் அவருடைய பேரன் பதினாலாம் லூயி அதை ரத்து பண்ணிட்டார். கோவில்களை இடித்தார்கள். போதகர்களை நாடு கடத்தினார்கள். திருட்டுத்தனமா ஆராதனை நடத்தி மாட்டிக்கொண்ட ஆண்களைக் கப்பலில் துடுப்புப் போட அனுப்பினார்கள், பெண்களைச் சிறையில் அடைத்தார்கள். மரி துரான் என்ற பெண்ணை 1730இல் ஏக் மோர்த் என்ற ஊரில் ஒரு கோட்டைக் கோபுரத்தில் அடைத்தார்கள். வெளியே விட்டது 1768இல். 38 வருஷம்! 'என் நம்பிக்கையை விட்டுட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வெளியே வந்திருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கோபுரத்துக் கல்லில் 'எதிர்த்து நில்' என்று பொருள்படும் ஒற்றைச் சொல் செதுக்கப்பட்டிருக்கிறது. அவர் செதுக்கினது என்றுதான் சொல்கிறார்கள்.

1787 வரைக்கும் அவர்களுடைய நம்பிக்கை சட்டவிரோதம். அந்த நூறு வருஷமும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்துதான் ஜெபக்கூட்டம். அரசாங்க முத்திரை இருக்கிறதாலேயே ஒரு உத்தரவு நியாயமாகிடாது என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள் பாட்டி சொன்ன கதையிலேயே கேட்டு வளர்ந்தவர்கள்.

இன்னொரு விஷயம், அந்நிய முகம் அவர்களுக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே தொழிற்சாலை நகரங்களின் நோஞ்சான் பிள்ளைகளை நல்ல காற்றுக்காக இந்த மலைப் பண்ணைகளுக்கு அனுப்பி வைக்கும் வழக்கம் இருந்தது. கோடைக்கு வந்து தங்குகிறவர்களுக்கான விடுதிகளும் நிறைய. வெளியூர்ப் பிள்ளை ஒன்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இது பின்னாடி எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1934இல் அந்த ஊருக்கு ஆந்த்ரே த்ரோக்மே என்ற போதகர் வந்தார். 1901இல் பிறந்தவர், அப்பா பிரெஞ்சு, அம்மா ஜெர்மானியர். முதல் உலகப்போரைச் சிறுவனாகப் பக்கத்திலிருந்து பார்த்ததில் போர் எதிர்ப்பாளர் ஆகிவிட்டார். ஆயுதம் தொட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிற போதகரைக் கூப்பிட மற்ற சபைகள் தயங்கின. கடைசியில் கிடைத்தது இந்த மலைக்காடு. அவர் மனைவி மாக்தா இத்தாலியில் பிறந்தவர். 1938இல் எதுவார் தேய்ஸ் என்ற இன்னொரு போதகரோடு சேர்ந்து த்ரோக்மே ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். ஆண் பெண் சேர்ந்து படிக்கும் பள்ளி, சமாதானத்தைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி. அந்தக் காலத்துக்கு ரெண்டுமே புதுசு.

1940 ஜூன் 22. பிரான்ஸ் ஹிட்லரிடம் தோற்றுப் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாடே அதிர்ச்சியில் இருக்கிறது. வயதான மார்ஷல் பெத்தேன் வந்து காப்பாற்றிவிட்டார் என்று பெரும்பாலானவர்களுக்கு ஒரு நிம்மதி வேறு. அன்றைக்குத்தான் த்ரோக்மேயும் தேய்ஸும் சேர்ந்து தயாரித்த அறிக்கை அந்தக் கோவிலில் வாசிக்கப்பட்டது. மனசாட்சிக்கு விரோதமானதைச் செய்யச்சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினால், ஆவியின் ஆயுதங்களால் அதை எதிர்ப்பது கிறிஸ்தவனின் கடமை. பயமில்லாமல், ஆனால் வெறுப்பும் இல்லாமல் எதிர்ப்போம். சாரம் இதுதான். தோற்ற மறுநாள்! அப்போ யூதர்களுக்கு எதிரான சட்டங்கள்கூட வந்திருக்கவில்லை (முதல் சட்டம் அக்டோபரில்தான் வந்தது).

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது இதுக்கப்புறம் வர்ற சின்னச்சின்ன விஷயங்கள்தான்.

பெத்தேனின் விஷி அரசாங்கம் முதலில் பெரிசா எதுவும் கேட்கவில்லை. தினமும் காலையில் மாணவர்கள் கொடியைச் சுற்றி நின்று, கையை நீட்டி சல்யூட் அடிக்கணும். அவ்வளவுதான். இதுக்குப் போய் யார் சண்டை போடுவாங்க? கொடிக்கு மரியாதை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் த்ரோக்மேயின் பள்ளியில் விரும்புகிறவர்கள் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். கொஞ்சநாளில் போகிறவர்கள் எண்ணிக்கை தேய்ந்து நின்றே போனது. அடுத்தது ஆசிரியர்கள் எல்லோரும் மார்ஷலுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எழுதித் தரணும். தரவில்லை. 1941இல், ஆட்சி ஆதரவாளர் அமைப்பின் ஆண்டுவிழாவுக்குக் கோவில் மணியை அடிக்கச் சொல்லி உத்தரவு. கோவிலைப் பார்த்துக்கொண்ட பெண்மணி, மணி கடவுளுடையது, மார்ஷலுடையது இல்லை என்று சொல்லி அடிக்க மறுத்துவிட்டார். போதகர் சொல்லிக்கொடுத்துச் செய்ததில்லை, அவரே யோசித்துச் செய்தது.

சல்யூட், கையெழுத்து, மணி. எல்லாமே அற்ப விஷயங்கள். ஆனால் 'முடியாது' என்பதும் சைக்கிள் ஓட்டுவது மாதிரி பழக்கத்தில்தான் வரும் போல. சின்ன விஷயத்தில் பழகாதவன் பெரிய விஷயத்தில் திடீர்னு சொல்வான் என்று எதிர்பார்க்க முடியாது.

1940-41 குளிர்காலம். போதகர் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். மாக்தா திறந்தால், பனியில் நனைந்து நடுங்கிக்கொண்டு ஒரு பெண். ஜெர்மன் யூதர். உள்ளே வரலாமா என்று கேட்கிறார். மாக்தா யோசிக்கவே இல்லை, உள்ளே வாங்க என்று கூப்பிட்டு அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது அடையாளச் சீட்டு வாங்கித் தரலாம் என்று வெள்ளந்தியாக மேயரிடம் போனார். மேயருக்குக் கோபம். ஒரு வெளிநாட்டுக்காரிக்காக மொத்த ஊரையும் ஆபத்தில் மாட்டிவிடுவீர்களா, நாளைக்குக் காலையில் அவள் ஊரில் இருக்கக்கூடாது என்றார். அந்தப் பெண்ணை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டியதாகிவிட்டது. மாக்தாவுக்கு அது ஆறவே இல்லை. அன்றைக்கு அவர் கற்றுக்கொண்ட பாடம், இனிமேல் ஆபீசில் போய்க் கேட்கக்கூடாது.

மேயரைச் சும்மா திட்டிவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. தன் ஊர் ஜனங்களைக் காப்பாற்றணும் என்றுதான் அந்த மனுசனும் நினைத்தார். அவர் பக்கத்திலும் ஒரு கணக்கு இருந்தது. கதவுக்கு வெளியே நிற்கிற ஆளை அந்தக் கணக்கில் அவர் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கிடையில் த்ரோக்மே மார்சேய் நகரத்துக்குப் போனார். தெற்கு பிரான்ஸில் குர்ஸ், ரிவ்சால்ட் மாதிரியான முகாம்களில் ஆயிரக்கணக்கான அகதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே போய் சேவை செய்கிறேன் என்று குவேக்கர் உதவி அமைப்பிடம் கேட்டார். அங்கிருந்த பர்ன்ஸ் சால்மர்ஸ் என்ற அமெரிக்கர் நிலைமையை விளக்கினார். முகாமிலிருந்து சிலரை, முக்கியமாகப் பிள்ளைகளை, வெளியே கொண்டுவர எங்களால் முடியும், ஆனால் அவர்களை ஏற்றுக்கொள்ள ஊர்தான் கிடைக்கவில்லை, உங்கள் ஊர் ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டார். த்ரோக்மே திரும்பிவந்து சபையைக் கேட்டார். சரி என்றார்கள். 1941லிருந்து ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் இல்லங்கள் திறந்தன. பணம் குவேக்கர்கள், சுவிஸ் உதவி அமைப்பு என்று பல பக்கமிருந்து வந்தது.

சண்டே கிளாஸ் போனவர்களுக்கு 'அடைக்கலப் பட்டணம்' ஞாபகம் இருக்கும். பழைய ஏற்பாட்டில், கைதவறிக் கொலை செய்தவன் பழிவாங்க வருபவனிடமிருந்து தப்பி ஓடிவந்து சேர ஆறு பட்டணங்களைக் குறித்து வைத்திருப்பார்கள். குற்றமில்லாத ரத்தம் சிந்தப்படக்கூடாது என்பதுதான் நோக்கம். நாங்கள் மனப்பாடப் போட்டிக்காக அந்த ஆறு பேரையும் உருப்போட்டதோடு சரி. த்ரோக்மே அதே அதிகாரத்தை எடுத்து, நம்ம ஊரும் ஏன் ஒரு அடைக்கலப் பட்டணமாக இருக்கக்கூடாது என்று கேட்டார்.

சரி, இது எப்படி இயங்கியது? இந்த இடத்தில் எனக்குள் இருக்கிற சாஃப்ட்வேர்காரன் கொஞ்சம் எட்டிப் பார்ப்பான், மன்னிக்கணும் :-) அங்கே சென்ட்ரல் சர்வர் என்று ஒன்று கிடையாது. த்ரோக்மே பதின்மூன்று இளைஞர் தலைவர்களோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து ஒரு வேதபகுதியைப் பேசுவார். அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பகுதிக்குப் போய் ஒரு குழுவோடு அதைப் பேசுவார்கள். போருக்கு முந்தின சாதாரண வேதபாடக் கூட்டம்தான். அதே வலைப்பின்னல்தான் பிறகு ஆள் ஒளித்து வைக்கவும் செய்தி அனுப்பவும் பயன்பட்டது. எந்தப் பண்ணையில் யார் இருக்கிறார்கள் என்ற முழுப் பட்டியல் யார் கையிலும் இல்லை. பக்கத்து வீட்டில் யார் ஒளிந்திருக்கிறார் என்று கேட்பது மரியாதையில்லை. ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றது நிற்கும்.

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸில் பிரெஞ்சுப் போலீஸே சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தது, அதில் 4,000க்கு மேல் குழந்தைகள். அடுத்த மாதம் விஷி அரசின் இளைஞர் துறைத் தலைவர் ஜார்ஜ் லாமிரான் லெ ஷாம்போனுக்கு விஜயம். கொடி, அணிவகுப்பு என்று பெரிய வரவேற்பை எதிர்பார்த்து வந்தார். பள்ளியின் மூத்த மாணவர்கள் சிலர் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். பாரிஸில் நடந்தது எங்களுக்குத் தெரியும். எங்களிடையே யூதர்கள் இருக்கிறார்கள். யூதர், யூதரல்லாதவர் என்று நாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை, அது சுவிசேஷத்துக்கு விரோதம். அவர்களைப் பிடிக்க வந்தால் ஒளித்து வைக்க முயற்சி செய்வோம். பள்ளிக்கூடப் பசங்க, மந்திரி ரேஞ்சில் இருக்கிற ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சட்டத்தை மீறுகிறார்கள்!

அந்த மாதக் கடைசியிலேயே போலீஸ் பஸ்களோடு வந்தது. யூதர்களின் பட்டியலைக் கொடுங்கள் என்று த்ரோக்மேயிடம் கேட்டார்கள். என்னிடம் இல்லை, இருந்தாலும் தர மாட்டேன் என்றார். ராத்திரியோடு ராத்திரியாக இளைஞர்கள் பண்ணை பண்ணையாகப் போய்ச் சொல்ல, எல்லோரும் காட்டுக்குள் போய்விட்டார்கள். வாரக்கணக்கில் தேடியும் பஸ்கள் கிட்டத்தட்ட காலியாகவே திரும்பின. அதற்குப் பிறகும் சோதனை வரும் முன்னாடி போதகர் வீட்டுக்கு யாரென்று சொல்லாத ஒரு போன் வருமாம். நாளைக்கு ஜாக்கிரதை, அவ்வளவுதான். போலீஸ் பக்கத்திலும் யாரோ ஒருவருக்கு மனசாட்சி உறுத்தியிருக்கிறது.

ஒரு இடத்தில் அவங்க ரொம்பத் திணறினாங்க. ஒளித்து வைக்கணும்னா பொய் அடையாள அட்டை வேணும், பொய் ரேஷன் அட்டை வேணும். பொய் சாட்சி சொல்லாதே என்பது பத்துக் கட்டளையில் ஒன்று. தினமும் அதை ஜெபத்தில் சொல்கிற ஆட்கள் தினமும் பொய்க் கையெழுத்துப் போடணும். உயிரைக் காப்பாற்றத்தானே என்று நாம ஒரு வரியில் தாண்டிவிடுவோம். அவர்களால் முடியவில்லை. செய்தார்கள், ஆனால் செய்தது சரிதான் என்று மார்தட்டிக்கொள்ளவும் இல்லை. மாக்தாவுக்குக் கடைசிவரை அது ஒரு உறுத்தல். த்ரோக்மே 1943இல் தலைமறைவாக இருந்தபோது, லியோன் ரயில் நிலையத்தில் ஜெர்மானியர்களிடம் மாட்டிக்கொண்டார். சட்டைப்பையில் வேறு பெயரில் அட்டை. கூடப் பையன் வேறு. நேருக்கு நேர் பெயர் கேட்டால் பொய் சொல்வதில்லை, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு நின்றார். நல்லவேளை, கேட்பதற்குள் கூட்டத்தில் நழுவித் தப்பிவிட்டார். இதைப் படித்து, இவ்வளவு பிடிவாதமா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால், எது சரி எது தப்பு என்ற கேள்வியைக் கடைசிவரை மூடி வைக்காமல் திறந்தே வைத்திருந்தது இவர்களை மரியாதைக்குரியவர்களாக ஆக்குகிறது. கேள்விக்கு விடை தெரிந்த பிறகு கதவைத் திறப்போம் என்று காத்திருக்கவும் இல்லை, கதவைத் திறந்தாச்சே இனி கேள்வி எதுக்கு என்று விட்டுவிடவும் இல்லை.

1943 பிப்ரவரியில் த்ரோக்மே, தேய்ஸ், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ரோஜே தார்சிசாக் மூவரையும் கைது பண்ண வந்தார்கள். மாக்தா வந்த போலீஸ்காரர்களையும் சாப்பிட உட்காரச் சொன்னார். சாப்பாட்டு நேரம், அப்புறம் என்ன செய்வது என்று சாதாரணமாகச் சொன்னாராம். ஊர்ஜனம் வரிசையில் வந்து மெழுகுவர்த்தி, சாக்லேட் என்று கையில் இருந்ததைக் கொடுத்து வழியனுப்பியது. போர்க்காலத்தில் அதெல்லாம் தங்கம் மாதிரி. முகாமில் சில வாரங்கள் கழித்து, மார்ஷலின் உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிவேன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போதகர்கள் இருவரும் போடவில்லை. வெறும் காகிதம்தானே, போட்டுவிட்டு வெளியே போய் இஷ்டப்படி செய்ய வேண்டியதுதானே? மரி துரானிடமும் அதேதான் கேட்டார்கள். மறுநாள் கையெழுத்து இல்லாமலே விட்டுவிட்டார்கள்.

எல்லோரும் தப்பவில்லை. 1943 ஜூன் 29 அன்று கெஸ்டபோ ஒரு மாணவர் இல்லத்தைச் சுற்றி வளைத்தது. அதன் பொறுப்பாளர் டேனியல் த்ரோக்மே, போதகரின் உறவினர், இயற்பியல் ஆசிரியர். மாணவர்களோடு அவரையும் கொண்டு போனார்கள். 1944 ஏப்ரலில் போலந்தின் மைதானெக் முகாமில் இறந்தார். ஊர் டாக்டர் ரோஜே லெ ஃபொரெஸ்தியே 1944 ஆகஸ்டில், விடுதலைக்குச் சில நாட்கள் முன்னால், சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதை ஒரே ஒரு போதகரின் வீரக்கதையாக ஆக்கிவிடக் கூடாது. பக்கத்து ஊர் போதகர்கள், கத்தோலிக்கர்கள், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள், சுவிஸ் எல்லை வரை அகதிகளை அழைத்துப் போன சிமாத் அமைப்பின் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். பொய் அட்டைகளைத் தயாரித்ததில் முக்கியமானவர் ஆஸ்கர் ரொசோவ்ஸ்கி, இருபது வயசு யூத இளைஞர். 'டார்பிஸ்ட்' என்ற மிகக் கட்டுப்பெட்டியான ஒரு பிரிவினர் அந்த மலையில் உண்டு. த்ரோக்மேயின் முற்போக்குப் பேச்சு அவர்களுக்கு ஒத்துவராது. ஆனால் பழைய ஏற்பாட்டின் ஜனம் நம்ம வாசலில் வந்து நிற்கிறது என்று பக்தியோடு கதவைத் திறந்தார்கள். நவீனமானவர்களும் பழமைவாதிகளும் வேறவேற வழியில் யோசித்து ஒரே இடத்துக்கு வந்தார்கள்.

எத்தனை பேர் பிழைத்தார்கள்? எண்ணிக்கையில் வரலாற்றாசிரியர்களிடம் ஒற்றுமை இல்லை. அமெரிக்காவின் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் சுமார் 5,000 பேர், அதில் 3,000 முதல் 3,500 பேர் யூதர்கள் என்று மதிப்பிடுகிறது. சிலர் குறைவாகச் சொல்கிறார்கள். அட்டையும் பட்டியலும் வைத்துக்கொள்ளாததுதானே அவர்கள் பலம்! தப்பித்தவர்களில் ஒரு பையன் அலெக்சாண்டர் க்ரோதெண்டீக். அப்பா ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார், பையன் அங்கே ஒரு பிள்ளைகள் இல்லத்தில் தங்கி த்ரோக்மேயின் பள்ளியில் படித்தான், சோதனை வந்தால் காட்டில் போய் ஒளிந்தான். 1966இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினான். 'அந்நியன்' எழுதிய ஆல்பெர் காம்யுவும் 1942-43இல் பக்கத்து ஊர்ப் பண்ணை வீட்டில்தான் தங்கி 'கொள்ளைநோய்' நாவலை எழுதிக்கொண்டிருந்தார்.

போர் முடிந்தது. ஜெர்மன் போர்க்கைதிகளைப் பக்கத்தில் ஒரு முகாமில் அடைத்தார்கள். த்ரோக்மே அங்கேயும் போய்ப் பிரசங்கம் பண்ணினார். ஊரில் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வெறுப்பில்லாமல் எதிர்ப்போம் என்று 1940 ஜூனில் சொன்னது தோற்றவனுக்கும் சேர்த்துத்தானே.

இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் 1971இல் த்ரோக்மேயையும், 1990இல் மொத்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் கௌரவித்தது. அந்த ஊர்ப் பெரியவர்களைப் பேட்டி எடுத்தவர்களுக்குக் கிடைத்த பதில் அநேகமாக ஒன்றுதான், இதில் என்ன பெரிசா இருக்கு, வந்தாங்க, இடம் கொடுத்தோம். பிலிப் ஹாலி என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1979இல் இவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், கிடைத்தால் விடாதீங்க.

காலத்துக்கேற்ற கிறிஸ்தவம் பற்றி இப்போ நிறைய பேசறோம். பாட்டில் கிடார் வேணுமா, பிரசங்கத்துக்கு ஸ்லைடு போடலாமா என்று விவாதம் போகும். 1930களில் ஜெர்மனியில் 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்று ஒரு இயக்கமே இருந்தது. சபை காலத்தோடு போகணும், தேசத்தின் புது எழுச்சியோடு சேரணும் என்றார்கள். போய்ச் சேர்ந்த இடம் எல்லோருக்கும் தெரியும். லெ ஷாம்போன்காரர்கள் காலத்தை விட்டு ஓடவும் இல்லை. பள்ளி நடத்தினார்கள், செய்தித்தாள் படித்தார்கள், வெளிநாட்டு அமைப்புகளோடு கைகோத்தார்கள். ஒவ்வொரு உத்தரவு வரும்போதும் இது கீழ்ப்படியக்கூடியதா என்று கூடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ரோமர் 13ஐ அவர்கள் கிழித்துப் போடவில்லை, வரி கட்டினார்கள், போலீஸ்காரருக்குச் சோறும் போட்டார்கள். ஆள் பட்டியல் மட்டும் தரவில்லை.

நம்ம ஊரிலும் தினம் ஏதாவது ஒரு சல்யூட், ஒரு கையெழுத்து, ஒரு மணி நம்மிடம் கேட்கப்படுகிறது. வாடகைக்கு வீடு கேட்டு வர்றவரிடம் என்ன ஆளுங்க என்று கேட்கிற சபை மக்களை எனக்குத் தெரியும், அவர்களும் ஞாயிறு தவறாமல் நல்ல சமாரியன் கதையைக் கேட்கிறவர்கள்தான். உங்கள் ஊரில், உங்கள் மதத்தில், இப்படிக் கதவைத் திறந்தவர்களின் கதை தெரிந்தால் எழுதுங்க. படிக்க ஆசை.